பணிய லயம் எந்த நிறத்தில்? – மாணவர் குழுவொன்றின் முன்வைப்பைப் பற்றி

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போன சிறிது நேரத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தின் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தக் காலை எப்படி விடிந்தது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருக்கு அது சொந்தக் கதை அல்லது சொந்தக்காரரின் கதை. நாம் இங்கு நினைவுபடுத்த விரும்புவது வேறொன்று. அந்த மலை அபாயமானது என்பது அன்று காலை புதிதாகத் தெரியவந்த செய்தியன்று. 2005இலும் 2011இலும் அங்கிருந்து மக்கள் அகல வேண்டும் என எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, கூட்டங்களில் பேசப்பட்டது. மக்களோ அதே லயங்களில் இருந்தார்கள். பிழை யாருடையது என்ற வாதம் பின்னர் நெடுநாள் நடந்தது. அந்த வாதத்துக்குள் நாம் போகவில்லை. சொல்லப்பட்ட ஒரு செய்தி போய்ச் சேராமல் நிற்பதற்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம் என்பதே எமது அக்கறை. பிள்ளைகளின் முன்வைப்பு ஒன்றைப் பற்றி இத்தனை பக்கங்களை ஒதுக்குவதும் அதனாற்றான்.

கடந்த தவணையில், ஊவாவின் தோட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் படிக்கும் மாணவர் அறுவர், மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் முன்னிலையில் ஒரு குழு முன்வைப்பை நடத்தினர். பாடசாலையின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் தவிர்க்கிறோம். ஆலய மண்டபத்தில் ஞாயிறு பூசை முடிந்த பின் கூட்டம் தொடங்கியது. கோவிலுக்குப் போகும் குடும்பங்களும் வந்திருந்தன. ஏறத்தாழ எழுபது பேர். தலைப்பு, ‘மண்சரிவும் நாமும்’.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. எமது பக்கத்தில் இது சிறிய காரியமன்று. ஐந்து டிமைத் தாள்களில் அழகாக எழுதி, வர்ணம் தீட்டி, சுவரில் ஒட்டியிருந்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடத்தைப் பார்த்துப் பதுளை மாவட்டத்தைத் தாங்களே வரைந்திருந்தார்கள். மண்சரிவு அபாயத்தை வரைபடமாக்கும் வேலை இந்நாட்டில் 1990இல் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பதுளையும் நுவரெலியாவுமே என்பதையும் ஒரு மாணவி சொன்னார். மண்டபத்தில் இருந்த பெரியவர்களில் அநேகருக்கு அது தெரியாது. தம் வீட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்று ஒலிவாங்கியில் பேசுவதைப் பார்த்த தாய்மாரின் முகங்களைப் பற்றியும் எழுதலாம். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு கைதட்டிவிட்டுக் கலைந்து போவதுதான் எமது பழைய பழக்கம். இம்முறை கலையவில்லை. காரணம், பின் வாங்கில் இருந்த ஒரு மூதாட்டி கேட்ட கேள்வி.

“தம்பி, அந்தப் படத்துல எங்க பணிய லயம் எந்தக் கலர்ல இருக்கு?”

வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்ற மாணவன் திரும்பிப் பார்த்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மாவட்டம் முழுவதும் இருந்தது. “பாட்டி, இது மாவட்டப் படம். இதுல லயமெல்லாம் தெரியாதுங்க.”

“அப்ப நான் இருக்கிற எடம் இதுல இல்லையா?”

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பாட்டி வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவர் இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர். பழைய லயத்துக்குத் திரும்பலாமா கூடாதா என்பதை அறியவே அன்று வந்திருந்தார். அரை மணித்தியாலம் பொறுமையாகக் கேட்டும் அவருக்கு அதற்கான பதில் கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்த பின் மாணவர்களோடும் வகுப்பாசிரியரோடும் உட்கார்ந்து பேசினோம். அங்கு பேசியவற்றையும், வேறு இடங்களில் நாம் கண்ட முன்வைப்புகளிலிருந்து தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்தே கீழே எழுதுகிறோம். உங்கள் வீட்டில் பாடசாலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் இதனை வாசித்துக் காட்டுங்கள்.

படத்தை யார் வரைவது?

மாவட்ட வரைபடம் தவறானதன்று. ஆனால் அது உத்தியோகத்தருக்கு உதவும் அளவில் வரையப்பட்டது. குடும்பத்துக்கு வேண்டியது லயம், கான், பீலி, கோவில், பாடசாலை, பெரட்டுக் களம், குறுக்குப் பாதை எல்லாம் தெரிகிற படம். அதனை எந்த அலுவலகத்திலும் கேட்டு வாங்க முடியாது. மக்களே வரைய வேண்டும்.

1980களின் இறுதியிலும் 1990களிலும் கிராம அபிவிருத்தி வேலையில் ஈடுபட்டோர் இதற்கு ஒரு எளிய வழியைப் பரவலாக்கினர். தாளையும் பேனாவையும் ஒதுக்கிவிட்டு, தரையில் மாவாலும் கல்லாலும் குச்சியாலும் மக்களையே தங்கள் ஊரை வரையச் சொல்வது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரொபர்ட் சேம்பர்ஸ் இந்த முறையைப் பற்றி நிறைய எழுதியவர். கையில் இருக்கும் கோலை மக்களிடம் கொடுத்துவிடுங்கள் என்பது அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்திய விடயம். கோலைக் கையில் வைத்திருப்பவர் ஆசிரியர், கேட்பவர் மாணவர் என்ற ஏற்பாடு அதனால் மாறிவிடுகிறது. எமது பெண்களுக்குக் கோலமாவைக் கையாள யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வாசலில் ஒரு பெண் குந்தியிருந்து லயத்தை வரைந்தால், பக்கத்தில் நிற்பவர் “இல்லக்கா, பீலி இன்னும் மேல” என்று திருத்துவார். இன்னொருவர் மழைக்காலத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்பிய இடத்தைக் காட்டுவார். சாய்ந்து நிற்கும் மரத்தைக் காட்ட ஒருவர் வருவார். மாணவர்கள் பாடநூலில் ‘மண்சரிவின் முன்னறிகுறிகள்’ என்று மனப்பாடம் செய்தவை எல்லாம், அதாவது நிலத்தில் வெடிப்பு, சுவரில் விரிசல், புதிய ஊற்று, கலங்கிய நீர், வழக்கமான ஊற்றுத் திடீரென நிற்பது, கதவு நிலையில் இறுகுவது, இவை ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அந்தக் கோலத்தில் தெரியவரும். பிள்ளைகளிடம் பெயர் இருக்கிறது, பெரியவர்களிடம் இடம் இருக்கிறது. முன்வைப்புக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதை இதற்குச் செலவிட்டிருந்தால், பாட்டியின் கேள்விக்குப் பாட்டியே பதில் சொல்லியிருப்பார்.

மில்லிமீற்றரும் பீப்பாயும்

இரண்டாவது மாணவர் மழைவீழ்ச்சியைப் பற்றிப் பேசினார். தகவல் மிகச் சரியானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ, வெளியேறிவிட வேண்டும். உயிர்காக்கும் இந்த மூன்று எண்களையும் அவர் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். மில்லிமீற்றர் என்றால் என்ன என்று மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. தெரிந்ததால் அல்ல, கேட்க வெட்கப்பட்டதால்.

இதனை இப்படிச் சொல்லிப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவின் கூரை ஏறத்தாழ 11 சதுர மீற்றர். 150 மில்லிமீற்றர் மழை என்றால் அந்த ஒரு காம்பராவின் மேல் மட்டும் ஒரு நாளில் விழுவது 1,650 லீற்றருக்கும் மேல், அதாவது பெரிய 200 லீற்றர்ப் பீப்பாய் எட்டு நிறைய. லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையில் எத்தனை காம்பராக்களின் அளவு நிலம் உண்டு? அத்தனை எட்டுப் பீப்பாய்களையும் அந்த மலை குடிக்க வேண்டும், அல்லது கான் வழியே வெளியே விட வேண்டும். கான் மண்மூடிக் கிடந்தால் மலை குடித்துக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னதும் கவ்வாத்து வெட்டும் ஒரு அண்ணன் எழுந்து, எங்கள் மலையில் கான் வெட்டி எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்லத் தொடங்கியிருப்பார். அதுதான் முன்வைப்பு வேலை செய்யத் தொடங்கும் நேரம்.

அளப்பதும் கடினமன்று. வாய் முதல் அடிவரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு டின்னைக் கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து எழுதினாற் போதும். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு அளக்கிறது. நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம். கடும் மழை என்றால் இரவிலும் பார்க்க வேண்டும். மலைக்கு எமது நேரம் தெரியாது.

மொழியைப் பற்றி இன்னொன்று. ‘புவிச்சரிதவியற் காரணிகள்’, ‘தரையமைப்புச் சாய்வு’ என்ற சொற்கள் பரீட்சைத் தாளில் புள்ளி தரும். சபையில் அவை கதவைச் சாத்தும். எமது மக்கள் “நெலம் வாயப் பொளந்திருக்கு” என்கிறார்கள். அதைவிடத் தெளிவான விஞ்ஞானச் சொல் எமக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கை சொல்லும்போது

மீரியபெத்தையைப் பற்றிப் பேசிய மாணவர் ‘நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர்’ என்றார். அவ்விடத்தைச் சேர்ந்த ஒருவர் மண்டபத்தில் இருந்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நாம் பார்த்தோம். முதல் நாட்களில் நூறு, இருநூறு என்றெல்லாம் செய்திகள் வந்தது உண்மை. பின்னர் ஆட்களைப் பெயர் பெயராக எண்ணியபோது, இறந்தோரும் காணாமற்போனோருமாக நாற்பதுக்கும் குறைவு என்று தெரிந்தது. உறவுகளை இழந்தவர் முன்னால் நின்று எண்ணிக்கை சொல்பவர், அதை யார் எண்ணியது, எப்போது எண்ணியது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் மக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்த பின், 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோது இடம்பெயர்ந்தோரும் அதே தொழிற்சாலைக்கே போக வேண்டியிருந்தது. முன்வைப்பில் இந்த இரண்டு செய்திகளும் வரவில்லை. எமது மனதில் எத்தனை பேர் என்பதைவிட இவையே நெடுநேரம் நின்றிருக்கும்.

ஆறு துண்டுகள்

குழு வேலை என்றால் எமது பாடசாலைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒப்படையை ஆறாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பது. துண்டைப் பெற்றவர் தன் துண்டை மட்டும் படிக்கிறார். மேடையில் தன் முறை வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், முடிந்ததும் மூச்சு விடுகிறார். அன்றும் அதுவே நடந்தது. காரணங்களைச் சொன்னவருக்கு மழை எண்கள் தெரியாது. மழை எண்களைச் சொன்னவருக்கு எங்கே வெளியேறுவது என்பது தெரியாது. சபையிலிருந்து கேள்வி வந்தபோதெல்லாம் ஐவரும் ஒரே மாணவியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைதான் எல்லாத் தாள்களையும் எழுதியவர் என்பது பின்னர் தெரிந்தது. எழுதும் வேலை பெண்பிள்ளைகளுக்கும் ஒலிவாங்கி ஆண்பிள்ளைகளுக்கும் போவது தோட்டக் கமிட்டிகளில் நாம் காணும் வழக்கம். பாடசாலையிலேயே அது தொடங்கிவிடுகிறதென்றால் ஆசிரியர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மருந்து பயிற்சிதான், ஆனால் மனப்பாடப் பயிற்சியன்று. ஒத்திகையின்போது துண்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள். இன்று மழையைப் பற்றிப் பேசியவர் நாளை பாதையைப் பற்றிப் பேசட்டும். ஒருவர் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்து, எழுத்துத் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று பார்க்கட்டும். இன்னொருவர் பேசாமல், சபையில் வரும் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுவதையே தம் வேலையாக வைத்துக்கொள்ளட்டும். எழுதுபவர் இல்லாததால் அன்று கேட்கப்பட்ட ஒன்பது பத்துக் கேள்விகளில் நாமே குறித்துக்கொண்டவை மட்டுமே மிஞ்சின. பதில் தெரியாத கேள்விக்கு “விசாரித்துச் சொல்கிறோம்” என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் யார் விசாரிப்பது, எப்போது சொல்வது என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மாட்டை என்ன செய்வது?

கடைசித் தாளில் ஒரே வரி பெரிய எழுத்தில் இருந்தது. அபாய இடங்களுக்குத் திரும்பிச் செல்லாதீர்கள்.

ஒரு தகப்பன் எழுந்தார். கையில் மண் காயாத மனிதர். “தம்பி, நீங்க சொல்றது சரி. ஆனா பட்டியில மாடு நிக்குது. போஞ்சி காய்ச்சித் தொங்குது. அதைப் பாக்காம புள்ளைக்குக் கொப்பி எதுல வாங்குறது?”

அறுவரும் அமைதியாக நின்றார்கள். மண்சரிவு எப்படி நடக்கிறது என்று ஐந்து தாள் எழுதியவர்கள், மனிதர் ஏன் திரும்பிப் போகிறார்கள் என்பதற்கு ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் ஒன்று பழைய இடத்துக்குத் திரும்புவது அறியாமையினால் அன்று. அங்கே மரக்கறித் தோட்டம் இருக்கிறது, பசு இருக்கிறது, பீலித் தண்ணீர் இருக்கிறது. இடம்பெயர்ந்தோரின் புதிய வீட்டுக்கு முன்னர் கிடைத்து வந்தது 7 பேர்ச் காணி. ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஆகவே 7 பேர்ச் என்பது ஏக்கரின் இருபத்து மூன்றில் ஒரு பங்கு அளவே. அதில் வீட்டைக் கட்டிய பின் போஞ்சிப் பந்தலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எந்த மாணவரும் அடிமட்டத்தை எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். அந்தக் கணக்கு முன்வைப்பில் இருந்திருக்க வேண்டும். ‘திரும்பிச் செல்லாதீர்கள்’ என்பதற்குப் பதிலாக, மழை எத்தனை மில்லிமீற்றருக்கு வந்தால் தோட்டத்துக்குப் போவதை நிறுத்துவது, மாட்டை எந்த மேட்டில் கட்டுவது, யார் யாருக்குக் குரல் கொடுப்பது என்று பேசியிருக்கலாம். நிரந்தரமாகப் பயிர்செய்ய மாற்றுக் காணி வேண்டும் என்பது வேறு கோரிக்கை. அதை வேறு சபையில், உரிய ஆட்களிடம் வைக்க வேண்டும்.

பிள்ளைகள் செய்த வேலை உண்மையிலேயே உயிர்காத்த ஓர் இடத்தைப் பற்றிச் சொல்வோம். ஜப்பானில் கமாயிஷி என்பது கடலோர நகர். அங்குள்ள கனிஷ்ட இடைநிலைப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள், சுனாமி வந்தால் என்ன செய்வது என்பதைப் பாடமாக மட்டும் படிக்கவில்லை. மலைக்கு ஓடிப் பழகினார்கள். வீடு வீடாகப் போய், ‘நாங்கள் வெளியேறிவிட்டோம்’ என்று அறிவிக்கும் அட்டையைக் கொடுத்தார்கள். வெளியேறுபவர் அதை வாசலில் தொங்கவிட்டால், தேடி வருபவர் அங்கே நேரத்தை வீணாக்காமல் தாமும் ஓடலாம். 2011 மார்ச் 11இல் கடல் உண்மையாகவே வந்தது. அந்த மாணவர்கள் பக்கத்து ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் போய் நின்ற இடத்தில், பின்னால் இருந்த மலைச்சரிவு இடிவதை அவ்வூர் மூதாட்டி ஒருவர் கவனித்துச் சொல்ல, அங்கிருந்தும் இன்னும் மேலே போனார்கள். அவர்கள் தப்பினார்கள். அந்த ஒரு அட்டையை நினைத்துப் பாருங்கள். எமது பிள்ளைகள் ஒரு பிரிஸ்டல் அட்டையை வெட்டினால் நாற்பது வீட்டுக்குச் செய்யலாம்.

உத்தியோகத்தர் முன்னால்

அன்று கிராம உத்தியோகத்தரும் வந்திருந்தார். இறுதியில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது பிள்ளைகளைப் பாராட்டினார், வெறுங்கையோடு போனார். அவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அவர் கையில் நாம் ஒன்றையும் கொடுக்கவில்லை. உத்தியோகத்தர் முன் நடக்கும் முன்வைப்பில் பேச்சு பாதி, தாள் மீதி. ஒரே பக்கத்தில், எத்தனை குடும்பம், எந்த லயம், எந்தக் கான், என்ன வேண்டும், எத்தனையாம் திகதி என்று எழுதி, பிரதியொன்றில் அவர் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும். ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, பண்டாரவளை முதலான பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே தமிழில் எழுதிக் கொடுப்பது உங்கள் உரிமை. ஆயினும் சிங்களத்தில் ஒரு பக்கம் கூட இருந்தால் காரியம் ஒரு மேசை குறைவாகக் கடக்கும் என்பது அனுபவம்.

உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பர் முதல் நீர் கசிந்து, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்த கதை உங்களுக்குத் தெரியும். 2017இல் அதற்காகப் பண்டாரவளையில் பெரும் எதிர்ப்புகளும் நடந்தன. அப்படியான நேரத்தில் “கிணறு வற்றிப்போச்சு” என்பது முறைப்பாடு. “இந்தத் திகதியில் இத்தனை அடி, அடுத்த மாதம் இத்தனை அடி” என்பது சாட்சி. சாட்சியை எழுதப் பாடசாலைப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் வீட்டில் யார்?

முறைப்பாட்டை எப்படிச் சொல்வது என்பதற்குத் திருவிவிலியத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசன் முன் போய்க் குற்றப்பட்டியல் வாசிக்கவில்லை. ஓர் ஏழையிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். தீர்ப்பை அரசனே சொன்னான். எழுபது குடும்பங்களின் கஷ்டத்தையும் ஒருசேரச் சொல்வதைவிட, ஒரு குடும்பத்தின் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை சொல்லலாம். தாய் எத்தனை மைல் நடந்து கொழுந்துக்குப் போகிறாள், எங்கே தண்ணீர் எடுக்கிறாள், மழை பெய்தால் அன்று இரவு யார் விழித்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டவர் மறப்பது கடினம். அக்குடும்பத்தின் சம்மதம் மட்டும் வேண்டும்.

இரண்டாம் முறை

மூன்று வாரத்துக்குப் பின் அதே அறுவர், அதே குடும்பங்களுக்கு மீண்டும் நடத்தினர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கொண்டுவந்த மழை பதுளை மாவட்டத்தின் எத்தனையோ சரிவுகளை இடித்து, நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன பின், இன்னொரு முறை கேட்க யாருக்கும் சலிப்பிருக்கவில்லை. இம்முறை மண்டபத்தில் அல்ல, பெரட்டுக் களத்தில். டிமைத் தாள் ஒன்றே ஒன்று. அதிலும் மூன்று எண்களும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கமும் மட்டும் இருந்தன. சாய்வாக வைத்த இரண்டு பலகைகளில் மண்ணைப் பரப்பி, ஒன்றில் கான் கீறி, மற்றதைச் சும்மா விட்டு, இரண்டின் மீதும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்கள். கான் இல்லாத பலகையின் மண் வழிந்து இறங்கியபோது சிறுவர்கள் கைதட்டினார்கள், பெரியவர்கள் தட்டவில்லை.

பிறகு கோலமாவு. படம் வரைய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று, சண்டையும் வந்தது. பழைய கான் லயத்துக்கு மேலே ஓடியதா பக்கத்தில் ஓடியதா என்று இரண்டு பெரியவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அறுவரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றது எமக்குப் பிடித்திருந்தது. பணிய லயத்தை அந்த மூதாட்டியே வரைந்தார். அதற்குப் பின்னால் இரண்டு இடத்தில் குச்சியை ஊன்றி, இங்கே ஊற்று, இங்கே வெடிப்பு என்றார். எந்த நிறம் என்று அவர் மறுபடி கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் எழுத மாட்டோம். மாடு வைத்திருக்கும் தகப்பனோடு இன்னும் மூன்று வீட்டார், மழை 75ஐத் தொட்டால் மாட்டை மேட்டுப் பாதைக்கு ஓட்டுவது என்று பேசி முடித்தார்கள். காணிக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதிலில்லை. அதை ஒரு பக்கத்தில் எழுதிப் பிரதேச செயலாளருக்குக் கொடுக்கும் பொறுப்பை, முதல் முறை எல்லாத் தாள்களையும் எழுதிய அந்த மாணவியே ஏற்றார். இம்முறை ஒலிவாங்கியும் அவரிடமே இருந்தது. மழை அளக்கும் டின் பாடசாலை முற்றத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. விடுமுறை நாட்களில் அதை யார் அளப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.